பம்பைக்கு எண் இல்லை

கடந்த மாசியில், மயானக் கொள்ளைக்குச் சில நாட்கள் முன்பு, என் மாணவன் ஒருவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். ஆரணிக்காரன். தந்தை பட்டுத்தறி நெய்பவர். வீட்டுக் கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொள்ள, மிஞ்சிய மூலையில் யாரோ கழித்துப்போட்ட கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, இரவில் தறிச் சத்தம் ஓய்ந்த பிறகு பாட்டுக் கட்டுகிறான். வரிகள் அவனுடையவை, மெட்டு அவனுடையது, குரலும் அவனுடையதே. தாளத்தை மட்டும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்கிறான்.

“ஐயா, ராக் இருக்கு, ஃபங்க் இருக்கு, ரெகே இருக்கு, சாம்பா இருக்கு. எல்லாமே மிடி கோப்பா சும்மா கெடைக்குது. நம்ம ஊரு பம்பை அடி மட்டும் எங்க தேடியும் கெடைக்கல. தமிழ்த்துறையில யாராச்சும் எழுதி வெச்சிருப்பாங்களாய்யா?”

“பார்த்துச் சொல்றேம்பா” என்று அனுப்பிவைத்தேன். என் அலமாரியைப் பார்த்தேன், நூலகத்தில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளைப் புரட்டினேன், சில இரவுகள் இணையத்திலும் துழாவினேன். அவன் கேட்ட பொருள் எனக்கும் கிடைக்கவில்லை. கிடைக்காததற்கான காரணம் மட்டும் கிடைத்தது. அது நம்மைப் பற்றியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இந்த விஷயத்தை இலக்கிய நண்பர்கள் இருவரிடம் சொன்னேன். இருவரும் சிற்றிதழ் வாசித்து வளர்ந்தவர்கள். முதலாமவர், “தோலில் பிறக்க வேண்டிய தாளத்தை எலியைச் சொடுக்கிப் பிறப்பிக்கிறான், இதற்கு நீர் வேறு துணையா?” என்றார். இரண்டாமவர், “இலவசம் என்று எதுவும் கிடையாது ஐயா. நாலு பம்பைக்காரர்களைக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, ஒலிப்பதிவு செய்யச் சொல்லும். இல்லாவிட்டால் பாட்டே வேண்டாம்” என்றார். இரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்த பேச்சுகள்தாம். இரண்டும் தவறு என்பதே என் கட்சி.

முதலில் இந்த மிடி கோப்பு என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். ஆரணியில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தறியின் தலைக்குமேல் ஜக்கார்டுப் பெட்டி இருக்கிறது. அதில் துளையிட்ட அட்டைகள் சங்கிலிபோலக் கோக்கப்பட்டுத் தொங்குகின்றன. துளை இருக்கும் இடத்தில் பாவு இழை மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பாது. ஓர் அட்டை, ஓர் ஊடை. அட்டைக்குள் பட்டும் இல்லை, சரிகையும் இல்லை, நிறமும் இல்லை. எந்த இழை எப்போது எழ வேண்டும் என்ற ஆணை மட்டுமே இருக்கிறது. அதே அட்டையில் அரக்குப் புடவையும் நெய்யலாம், பச்சைப் புடவையும் நெய்யலாம். 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு செய்த அந்தப் பொறி இன்றும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மிடி கோப்பு இந்த அட்டைதான். அதில் ஒலி இல்லை. எந்தக் கருவியை, எந்த நொடியில், எவ்வளவு அழுத்தி அடிக்க வேண்டும் என்ற ஆணை மட்டுமே இருக்கிறது. அழுத்தத்துக்குக்கூட எண் உண்டு; 127 வரை போகும். அந்த ஆணையை வாசித்து ஒலியாக்குவது கணினியில் இருக்கும் கருவிகளின் வேலை. ஆகவே தாளத்தின் மிடி கோப்பை இறக்குகிறவன் யாருடைய ஒலிப்பதிவையும் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கோலத்தின் புள்ளிக் கணக்கை எடுத்துக்கொள்கிறான்.

முதல் நண்பருக்கு இனி பதில் சொல்லலாம். ஜக்கார்டு அட்டையில் நெய்த பட்டைத் தன் மகள் கல்யாணத்துக்கு எடுத்தபோது அவர் ‘இது இயந்திரக் கலை’ என்று தள்ளவில்லை. அவர் கொண்டாடும் இளையராஜா 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்திலேயே சீக்வென்சரைக் கையாண்டுவிட்டார். ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் புறத்திலேயே ஒலிப்பதிவுக்கூடம் கட்டினார். 1992-இல் ‘ரோஜா’ வந்தது. கோடம்பாக்கத்து வீட்டில் நடந்தால் புரட்சி, ஆரணித் தறிக்கூடத்தில் நடந்தால் சீரழிவா? வாத்தியக்காரரை அமர்த்தப் பணமில்லாத ஒருவன் பாட்டுக் கட்டுவதற்கு இன்று இருக்கும் ஒரே வழி அந்தக் கணினிதான். வழியை அடைத்துவிட்டுத் தூய்மை பேசுவது, வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு.

மிடியின் பிறப்பையும் சற்று நினைத்துப்பார்க்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் மின்னிசைக் கருவி இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு பேசாது. 1981-இல் அமெரிக்காவின் டேவ் ஸ்மித் ஒரு பொது மொழியை முன்மொழிந்தார். ஜப்பானின் ரோலண்டு நிறுவனத்தைத் தோற்றுவித்த இகுதாரோ ககேஹாஷி அதற்குத் தோள்கொடுத்தார். 1983-இல் இருவரின் நிறுவனங்கள் செய்த கருவிகளும் ஒன்றோடொன்று இணைத்து மேடையில் காட்டப்பட்டன. அந்த மொழியைக் கையாள யாரும் உரிமைத்தொகை கட்ட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள். 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. உலகம் முழுவதும் இளைஞர்கள் இன்று வீட்டில் உட்கார்ந்து இசை செய்கிறார்கள் என்றால், இரண்டு வணிகர்கள் ஒரு மொழியைப் பூட்டிவைக்காமல் கொடுத்தார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். நம் இலக்கியவாதிகள் ‘இலவசம்’ என்ற சொல்லை உச்சரிக்கும்போது முகம் சுளிப்பதற்கு முன் இதை ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம்.

அதே கதையின் மறுபக்கம்தான் என் மாணவனைப் பாதிக்கிறது. 1991-இல் ‘ஜெனரல் மிடி’ என்ற பொது ஒழுங்கு வகுக்கப்பட்டது. தாளக் கருவிகளுக்கு 10-ஆம் தடம் ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு தாளக் கருவிக்கும் ஓர் எண் தரப்பட்டது. 35 முதல் 81 வரை, மொத்தம் 47 ஒலிகள். மேற்கத்திய டிரம் செட்டின் ஒவ்வொரு தட்டுக்கும் எண் உண்டு. கியூபாவின் பாங்கோவுக்கும் காங்காவுக்கும் எண் உண்டு. பிரேசில் சாம்பாவில் உறுமும் குயிக்காவுக்கு, மூடி ஒன்று திறந்து ஒன்று என்று இரண்டு எண்கள். விசிலுக்குக்கூட இரண்டு எண்கள், நெட்டைக்கு ஒன்று, குட்டைக்கு ஒன்று. பறைக்கு எண் இல்லை. பம்பைக்கு எண் இல்லை. உடுக்கைக்கு, தவிலுக்கு, உறுமிக்கு எண் இல்லை. ஏன், மிருதங்கத்துக்கும் தபலாவுக்குமே அந்த வரிசையில் எண் இல்லை. தாளம் தவிர்த்த 128 ஒலிகளின் பட்டியலில் சிதாருக்கும் ஷெனாய்க்கும் இடம் கிடைத்ததோடு இந்தியா முடிந்துவிடுகிறது.

இதைக் காலனிய மனோபாவம் என்று முழங்கி ஒரு கட்டுரையை முடித்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட கட்டுரைகளை நானும் எழுதியிருக்கிறேன், கைத்தட்டலும் வாங்கியிருக்கிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை, தங்கள் சந்தைக்கு வேண்டியதை எழுதினார்கள் என்பதுதான் நடந்தது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. பொது ஒழுங்கில் எண் இல்லாவிட்டால் என்ன, எந்த எண்ணில் எந்த ஒலியையும் இட்டுக்கொள்ள இன்றைய மென்பொருள்கள் இடம்கொடுக்கின்றன. காசில்லாமல் கிடைக்கும் ஹைட்ரஜன் போன்ற தாள மென்பொருளிலேயே புதிய கருவித் தொகுதியை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். நம் கையை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

பிடித்துக்கொண்டிருப்பது நம் புலமை மரபு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், தோற்கருவிகளை நீளமாகப் பட்டியலிடுகிறார். பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம், சல்லிகை, கரடிகை என்று முப்பதைத் தொடும் பட்டியல். 1892-இல் உ.வே. சாமிநாதையர் அந்த உரையை அச்சேற்றியதிலிருந்து தமிழ் முதுகலை மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கிறோம். தகுணிச்சம் என்ற கருவியில் எந்த அடி வாசிக்கப்பட்டது? விரலேறுக்கு எத்தனை மாத்திரை? பெயர் கைக்கு வந்தது, அடி வந்து சேரவில்லை. தொல்காப்பியம் பறையை நிலத்தின் கருப்பொருள்களில் ஒன்றாக வைக்கிறது. அதைச் சொல்லி மேடையில் மார்தட்டுகிறோம். அந்தப் பறையின் ஓர் அடியையாவது ஒழுங்காக எழுதிவைத்திருக்கிறோமா?

எழுத முடியாது என்றும் சொல்ல முடியாது. நம் திருவண்ணாமலையில் பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதரைப் பாருங்கள். திருப்புகழ்ப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் தன, தான, தத்த என்று ஒரு சந்தக் குழிப்பு உண்டு. அதில் பொருள் இல்லை, முருகன் இல்லை, வள்ளி இல்லை. குறிலும் நெடிலும் எங்கே விழ வேண்டும் என்ற கணக்கு மட்டும் இருக்கிறது. எந்தப் புலவனும் அதை எடுத்துத் தன் சொற்களை இட்டுப் பாடலாம். எத்தனையோ பேர் பாடினார்கள். நம் மொழி கண்ட மிடி கோப்பு என்று அதைத் தயங்காமல் சொல்வேன். முன்சீப்பாக இருந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடி, 1894-இலும் 1901-இலும் இரண்டு தொகுதிகளாக அச்சிட்டிராவிட்டால் அந்தச் சந்தங்களில் பெரும்பகுதி கரையானுக்குப் போயிருக்கும். தாளத்தைச் சேர்ப்பதும் பதிப்பு வேலைதான் என்று ஏற்க நமக்குத் தடை என்ன?

தடை என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் கூச்சம். மிருதங்கத்துக்குச் சொற்கட்டு உண்டு, பாடநூல் உண்டு, இசைக் கல்லூரி உண்டு. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011 முதல் நடத்திய காம்ப்மியூசிக் திட்டத்தில் மிருதங்கத்தின் 7162 தனி அடிகள் பிரித்துப் பதியப்பட்டு ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மிருதங்கத்துக்குத் தோல் பதமிட்டவர்களின் பெயர்களைத் தேடி 2020-இல் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்’ என்று தனியே ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது. சபைக்குள் போன கருவிக்கே அதைச் செய்தவரின் பெயர் காணாமல் போகும் என்றால், சாவுக்கும் சாமிக்கும் தெருவில் அடிக்கப்படும் கருவியின் அடி காணாமல் போவதில் வியப்பு ஏது? எந்தக் கை அடிக்கிறது என்பதைப் பார்த்துத்தான் எதை எழுதிவைப்பது என்று நம் சமூகம் முடிவுசெய்து வந்திருக்கிறது. 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எல்லோரும் வாழ்த்தினோம். பட்டம் கொடுப்பது எளிது. பாடம் எழுதுவது கடினம்.

என் பங்குக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். முதுகலை படித்தபோது செய்யாற்றுப் பக்கம் பாரதக் கூத்து பார்த்துக் களப்பணி அறிக்கை ஒன்று எழுதினேன். நாற்பது பக்கங்கள். பாட்டு வரிகளைப் பாடபேதத்தோடு குறித்தேன். வேடங்களை விவரித்தேன். விடிய விடியக் கூத்தைத் தூக்கி நிறுத்திய வாத்தியத்தைப் பற்றி நான் எழுதியது ஒரே ஒரு வரி: “தாளக் கருவிகள் முழங்கின.” அடித்தவரின் பெயரைப் பின்னிணைப்பில் ‘தகவலாளி’ என்ற தலைப்பின்கீழ் வயதோடும் ஊரோடும் போட்டேன். கலைஞனைத் தகவலாளி என்று அழைக்கும் ஒரு துறையில் பட்டம் வாங்கியவனிடம்தான் என் மாணவன் பம்பை அடி கேட்டு வந்து நின்றான். அந்த அறிக்கைக்கு எனக்கு முதல் வகுப்பு மதிப்பெண் கிடைத்தது.

இனி இரண்டாவது நண்பர். அவருடைய கவலை மேலானது. அடியை எழுதி இலவசமாகக் கொடுத்துவிட்டால் அடிக்கிறவரின் பிழைப்பு என்னாகும் என்கிறார். இதற்கு உலகம் கண்ட எச்சரிக்கை ஒன்று உண்டு. 1969-இல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற அமெரிக்கக் குழுவின் பாடல் ஒன்றில் கிரிகரி கோல்மன் என்பவர் ஏழு நொடி அளவுக்குத் தனியாக டிரம் வாசித்தார். பின்னாளில் அந்த ஏழு நொடிகள் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டன. அதற்காகக் கோல்மனுக்கு எதுவும் வந்து சேரவில்லை. 2006-இல் வீடற்றவராக இறந்தார். அது ஒலிப்பதிவையே எடுத்துக்கொண்ட கதை, மிடியின் கதை அன்று. ஆயினும் பாடம் ஒன்றுதான்: வாங்குகிறவனுக்கு இலவசமாக இருப்பது அடித்தவனுக்கும் இலவசமாகப் போய்விடக் கூடாது.

அது முடியாத காரியமா? 2019-இல் கூகுளின் மஜெந்தா குழு ‘குரூவ் மிடி’ என்ற தொகுதியை வெளியிட்டது. பத்து டிரம் கலைஞர்களை மின் டிரம்மில் வாசிக்கவைத்து, 13.6 மணி நேர வாசிப்பை 1150 மிடி கோப்புகளாக்கினார்கள். அதில் பெரும்பகுதி கூலி கொடுத்து அமர்த்திய தொழில்முறைக் கலைஞர்கள் வாசித்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு அதைக் கொடுத்தார்கள். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் கூலி, பிறகு பதிவு, கடைசியில் இலவசம். உலகப் பெருநிறுவனத்தின் பணம் நமக்கு இல்லைதான். பத்துப் பம்பைக்காரர்களுக்கு ஒரு மாதக் கூலி கொடுக்க, நம் ஊர் இலக்கிய விழா ஒன்றின் பந்தல் செலவு போதும்.

சட்டமும் இதற்கு எதிரி அல்ல. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த திருத்தம், நிகழ்த்துகிறவருக்குத் தன் நிகழ்த்தலுக்கு உரியவராக அடையாளம் காட்டப்படும் உரிமையைத் தருகிறது. தலைமுறைகளாகக் கைமாறிவந்த ஓர் அடி எவருக்கும் தனிச் சொத்தாகாது. அதை ஒருவர் அன்றைக்கு வாசித்த வாசிப்பு அவருடையது. எனவே கோப்பின் பெயரிலேயே அவர் பெயரும் ஊரும் இருக்கட்டும், அவர் சம்மதித்தால். ‘தகவலாளி 3’ வேண்டாம்.

பிழைப்பைப் பற்றி இன்னொன்று. நம் ஊர்க் கோயில்கள் பலவற்றில் மோட்டார் வைத்த மேளப் பெட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் சேர்ந்து, மாலை தீபாராதனைக்கு ஒரே அடியை அடித்துத் தீர்க்கும். அந்தப் பெட்டி பம்பைக்காரரிடமிருந்து எந்த அடியையும் கற்றுக்கொள்ளவில்லை. கற்காமலேயே ஆள் அடிக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டது. அடியைப் பூட்டிவைப்பதால் பிழைப்பு காப்பாற்றப்படும் என்பது இங்கேயே பொய்த்துவிட்டது. மாறாக, 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது, கிதாரோடு கானாவும் பறையும் சேர்ந்து ஒலிக்கக் கேட்ட இளைஞர்களில் எத்தனை பேர் பறை கற்க ஆசைப்பட்டிருப்பார்கள்! காதில் விழுந்தால்தான் கைக்கு ஆசை வரும்.

நியாயமான ஒரு மறுப்பு மிஞ்சுகிறது. தீயில் காய்ச்சிய தோலின் விறைப்பும், கரகம் ஜோடிக்கும்போது வர்ணிப்புப் பாடகரின் மூச்சுக்கு ஏற்ப அடி தளர்ந்து இறுகுவதும், சாமி இறங்கும் நேரத்தில் நடை மாறும் அந்தக் கணமும் எண்ணில் அடங்குமா? முழுவதும் அடங்காது. சந்தக் குழிப்பில் திருப்புகழ் அடங்கிவிட்டதா? ஏட்டில் கூத்து அடங்கிவிட்டதா? மிச்சமிருப்பதை மனிதரிடம்தான் போய்க் கற்க வேண்டும். ஆனால் போவதற்கு ஒரு வாசல் வேண்டும். குறை உள்ள குறிப்பு வாசலாகும். குறிப்பே இல்லாத இடத்தில் சுவர்தான் இருக்கிறது, அந்தச் சுவருக்கு முன் நின்றுகொண்டு ‘உயிர் போய்விடும்’ என்று நாம் சொற்பொழிவாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இணையத்தில் சும்மா கிடைப்பவை எல்லாம் யாரோ கொடுத்தவை. சாம்பா கிடைக்கிறது என்றால் சாம்பா தெரிந்த எவரோ உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார். நாம் இறக்கிக்கொண்டே இருந்தோம், ஒன்றையும் ஏற்றவில்லை. என் மாணவனின் பாட்டில் ஆரணியின் வரிகளுக்கு அடியில் எங்கோ ஒரு தூரதேசத்துத் தாளம் ஓடுகிறது என்றால், அது அவன் ரசனைக் குறை அல்ல. தமிழ் கற்பித்துச் சம்பளம் வாங்கும் என்போன்றோர் வைத்த பாக்கி.

மயானக் கொள்ளை முடிந்த மறுவாரம் அவனையும் கூட்டிக்கொண்டு ஒரு பம்பைக்காரர் வீட்டுக்குப் போனேன். பெரியவர், எழுபதைத் தாண்டியவர். ஒருநாள் கூலி என்று நாங்கள் நீட்டியதை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, “எதுக்குப்பா எழுதப் போறீங்க?” என்று கேட்டார். சொன்னோம். இரண்டு உருளைகளையும் சேர்த்துக் கட்டிய பம்பையை இடுப்பில் மாட்டிக்கொண்டு, ஒரே அடியை நான்கு முறை, ஒவ்வொரு முறையும் சற்று மாற்றி வாசித்தார். அவன் தொடையில் தட்டி எண்ணினான். நான் தன, தான என்று நோட்டில் எழுதினேன். மூன்றாம் முறையில் என் கணக்குத் தப்பியது. பெரியவர் சிரித்துக்கொண்டே மறுபடி அடித்துக் காட்டினார்.

இதுவரை நான்கு அடிகள் கோப்பாகியிருக்கின்றன. நான்கிலும் அவர் பெயர் இருக்கிறது, அவர் சம்மதத்தோடு. பையன் அவற்றை இலவசமாகவே கொடுக்கப் போகிறானாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் இன்னும் எத்தனை திண்ணைகள் இருக்கின்றன என்று எண்ணிப்பார்க்கிறேன். அடுத்த இலக்கிய விழாவுக்கு யார் வீட்டுக் கதவையாவது நன்கொடை கேட்டுத் தட்டும்போது, பந்தலை ஒரு கால் குறைத்துக்கொள்வது பற்றி நண்பர்கள் யோசிக்க வேண்டும்.